ஃபர்னஸில் தொங்கிய சிவப்பு அட்டை

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை அது. மொன்றியலில் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் நாங்கள் வாங்கியிருந்த பழைய வீட்டில் எங்களுக்கு அதுதான் முதல் குளிர்காலம். என் மகள் குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல வாரம் கிடந்து, அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு கையில் தூக்கினால் உள்ளங்கையில் தலையும் முழங்கையில் காலும் அடங்கிவிடும். கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுபவர். பிள்ளைக்காக எடுத்திருந்த லீவு முடிந்து, அந்த வாரம்தான் மனமில்லாமல் வேலைக்குத் திரும்பியிருந்தார். அன்று அவர் வட ஒன்டாரியோவில் எங்கோ இருந்தார்.

காலையில் பிள்ளைக்குப் பால் கொடுக்க எழும்பியபோது மூக்கு நுனி குளிர்ந்திருந்தது. சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். நாங்கள் வைத்திருந்த வெப்பத்தை விட நாலு பாகை கீழே போயிருந்தது. தரையில் காற்று வரும் துவாரத்துக்கு மேல் கையை வைத்தேன். காற்று வந்தது, ஆனால் ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருகிற மாதிரி வந்தது. வெளியே மைனஸ் இருபத்தேழு என்று கைத்தொலைபேசி சொன்னது.

வாடகை வீட்டில் இருந்த காலத்தில் குளிர்ந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு போன், அவ்வளவுதான். சொந்த வீட்டுக்கு நாமே வீட்டுக்காரர் என்பது அன்று காலைதான் எனக்கு உறைத்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நிலத்துக்குக் கீழே பேஸ்மென்டில் இருக்கிறது, காஸில் ஓடுகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்ற வேண்டும். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, இணையத்தில் வந்த கம்பனிகளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் போன் அடித்தேன். அந்தக் குளிரில் பாதி நகரத்துக்கே ஃபர்னஸ் பழுதுபோல. பலர் திங்கள் என்றார்கள். ஒரு கம்பனி மட்டும் மத்தியானத்துக்கு முன் ஆள் அனுப்புவதாகச் சொன்னது. வார இறுதி என்பதால் வீட்டு வாசலில் கால் வைப்பதற்கே தனிக் கட்டணம், திருத்துவது அதற்கு மேல் என்றார்கள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

வந்தவர் உயரமான இளைஞர். பிரெஞ்சில்தான் கதைத்தார். நான் கார்டரி என்கிற பகல்நேரக் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்வதால் எனக்கு அது சிரமமில்லை. கீழே இறங்கி ஃபர்னஸின் மூடியைக் கழற்றி, ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். நீல நிறத் தீ வரிசையாகப் பற்றியது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் மூடியைப் பூட்டவில்லை. குந்தி இருந்து தீயையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் காற்றாடி சுழலத் தொடங்கியதும், நேராக நின்ற தீ மஞ்சளாகி ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. உடனே அணைத்துவிட்டார். பாம்பு போல நீண்ட ஒரு கமராவை உள்ளே விட்டு, படத்தை எனக்குக் காட்டினார். இரும்புத் தகட்டில் மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு.

தீ எரிகிற இரும்புப் பெட்டி அது, அதைச் சுற்றிப் போகிற காற்றுத்தான் சூடாகி வீட்டுக்குள் வருகிறது, பெட்டியில் வெடிப்பு விழுந்தால் புகையும் அந்தக் காற்றோடு சேர்ந்து வரலாம் என்று விளக்கினார். காபன் மொனொக்சைட், மணமும் இல்லை, நிறமும் இல்லை என்றார். தீ வெளியே தலை நீட்டினால் தானாக அணைக்கும் ஒரு சுவிட்ச் உள்ளே இருக்கிறதாம். அதுதான் காலையில் அதை நிறுத்தியிருக்கிறது. பிறகு காஸ் வருகிற குழாயைத் திருகி மூடி, அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். பாவிக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் இருந்தது.

அதுவரை அவர் சொன்னதை நம்பினேன். அடுத்ததாக அவர் டப்லெட்டை எடுத்துப் புது ஃபர்னஸின் விலையைக் காட்டியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அது நாங்கள் வீட்டுக்கு முற்பணம் கட்டியபின் கையில் மிஞ்சிய முழுவதையும் விழுங்கி, மேலும் கேட்கும் தொகை. இன்றைக்கே கையெழுத்து வைத்தால் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து பூட்டலாம், இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றார். திருத்த முடியாதா என்று கேட்டேன். இந்த வயதுக்கு அதில் காசு போடுவது வீண் என்றார்.

கலியாண வீடு, பிறந்தநாள் என்று எங்கே போனாலும் வீடு வாங்கினவர்கள் சொல்கிற கதை ஒன்று உண்டு. குளிருக்குள் ஆளை விட்டுப் பயப்படுத்தி, நல்ல ஃபர்னஸைப் பழுது என்று சொல்லிப் புதிதை விற்றுவிடுவார்கள் என்ற கதை. அது அத்தனையும் என் காதுக்குள் ஓடியது. கணவரோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த இளைஞர் முகம் சுளிக்கவில்லை. வந்ததற்கான காசை வாங்கிக்கொண்டு போகும்போது, வாசலில் நின்று என் நெஞ்சில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, "மதாம், தயவுசெய்து அந்த ஃபர்னஸைப் போட்டுவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

கணவருக்குப் போன் போட்டேன். பனிப்புயலால் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், லொறிகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன, எப்போது திறப்பார்கள் என்று தெரியாது என்றார். மச்சாள் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருக்கிறா. அங்கே போகலாம் என்றால், அவவின் இரண்டு பிள்ளைகளுக்கும் கடும் காய்ச்சலும் இருமலும். குறைமாதப் பிள்ளையை இருமுகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஹோட்டலுக்குப் போகலாம். ஆனால் வீட்டை அப்படியே விட்டுப் போனால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அந்தச் செலவு ஃபர்னஸை விட மோசம் என்று கணவர் பயந்தார்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு சின்ன மின் ஹீட்டர். அதைப் படுக்கை அறையில் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். சுகாதார ஆலோசனைத் தொலைபேசியில் ஒரு தாதியோடு கதைத்தேன். பிள்ளையின் உடைகளைக் கழற்றி என் தோலோடு தோலாக வைத்து மேலே போர்க்கச் சொன்னார். அடிக்கடி வெப்பம் பாருங்கள், முப்பத்தாறரைக்குக் கீழே போனால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்றார். பார்த்தேன். முப்பத்தாறு தசம் எட்டு. சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது முப்பத்தாறு தசம் ஏழு. அவள் அழவே இல்லை. பாலும் சரியாகக் குடிக்கவில்லை. அவள் அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் தாண்டியதும் கணவரின் போன் வந்தது.

"ஒருக்காச் சொல்லுறதைக் கேளும். முந்தி ஹீட்டிங் கம்பனியில வேலை செய்த அண்ணை ஒராள் இருக்கிறார். நோத்ர-டாம்-த-கிரேஸில இருந்து வாறார். அவர் அந்தச் சிவப்பு மட்டையைக் கழட்டிப் போட்டு ஓட விடுவார். நான் வருமட்டும் ஓடட்டும்."

"அவன் போட வேண்டாமெண்டு சொல்லிப் போட்டுப் போறான்."

"அவன் விக்க வந்தவன், அப்பிடித்தான் சொல்லுவான். நேற்று வரைக்கும் அதே ஃபர்னஸிலதானே நாங்கள் படுத்து எழும்பினனாங்கள்? என்ன நடந்தது? பிள்ளை குளிரில விறைச்சுப் போயிடும், அதுதான் இப்ப ஆபத்து."

அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. குளிர் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பிள்ளையின் பாதம் ஊதா நிறமாகி இருந்தது. மற்றது கண்ணுக்குத் தெரியாத ஒன்று, அதையும் விலை சொன்ன ஒருவரின் வாயால் கேட்டது. வரட்டும் என்றேன்.

அந்த அண்ணை ஒரு பழைய வானில் வந்து இறங்கினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மன்னார்ப் பக்கத்து ஆள். அன்று பின்னேரம் அவர்களின் தேவாலயத்தில் ஏதோ ஆயத்த வேலை, அதை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். கையுறையைக் கழற்றியதும் முதலில் பிள்ளையின் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தார். "சின்னன் நல்லாக் குளிர்ந்துபோச்சு தங்கச்சி. பயப்பிடாதேங்கோ, அஞ்சு நிமிசத்தில போட்டுவிடுறன்" என்றபடி பேஸ்மென்டுக்கு இறங்கினார். நானும் பிள்ளையை ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவர் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எழும்பி, சிவப்பு அட்டையைக் கட்டியிருந்த கம்பியைக் குறட்டால் வெட்டினார். அட்டை சீமெந்துத் தரையில் விழுந்தது. காஸ் குழாயின் திருகில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போடட்டோ தங்கச்சி?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் மகள் ஜக்கெட்டுக்குள் ஒரு தடவை நெளிந்தாள். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"அண்ணை, உங்கட பிள்ளையள் மேல படுத்திருந்தால் நீங்கள் இதைப் போடுவீங்களோ?"

அவர் கை திருகிலேயே இருந்தது. மேலே எங்கோ மரச்சட்டம் குளிரில் சுருங்கி டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் கையை எடுத்து, பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் குந்தினார். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார்.

"இல்லை. போடமாட்டன்."

அவர் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"வெடிப்பு வடிவாத் தெரியுது. அந்தப் பொடியன் பொய் சொல்லேல்லை. நீங்கள் கேக்காட்டில் நான் போட்டிருப்பன் தங்கச்சி. உங்கட மனுசன் அழாக்குறையாக் கேட்டவர். சின்னப் பிள்ளை வேற குளிருக்க கிடக்குது. ஒரு ரெண்டு நாள்தானே எண்டு நினைச்சன். எல்லாரும் என்னட்ட எவ்வளவு முடியும், எப்ப முடியும் எண்டுதான் கேக்கிறவை. இப்பிடி ஒருத்தரும் கேக்கிறேல்லை."

அட்டையை எடுத்துத் திரும்பக் குழாயில் கட்டினார்.

அதன் பிறகு அவர் நின்று கதைத்துக்கொண்டிருக்கவில்லை. குசினியிலும் குளியலறையிலும் குழாய்களை நூல் மாதிரி ஓட விட்டார். ஓடுகிற தண்ணீர் உறையாது என்றார். தொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தார். "ஒரு மணித்தியாலத்துக்குள்ள வாறன். பிள்ளைக்கு வெப்பம் குறைஞ்சா என்னைப் பாக்காம அம்புலன்ஸுக்கு அடியுங்கோ" என்று சொல்லிவிட்டு வானை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த நேரம் எப்படிக் கழிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. படுக்கையில் சாய்ந்து, பிள்ளையை வெறும் நெஞ்சில் வைத்து, இருந்த கம்பளி எல்லாவற்றையும் மேலே இழுத்துப் போட்டிருந்தேன். வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் உறைபனி பூத்திருந்தது. முப்பத்தாறு தசம் ஆறு. அம்புலன்ஸுக்கான எண்ணை அமத்தி வைத்துக்கொண்டு, பச்சைப் பொத்தானை மட்டும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபர்னஸைப் போடவில்லை என்று கணவருக்கு நான் சொல்லவில்லை. அண்ணை சொல்லியிருக்க வேண்டும். கணவரிடமிருந்து போனே வரவில்லை.

அண்ணை திரும்பி வந்தபோது வான் நிறைய ஹீட்டர்கள். தேவாலயத்தில் வேலையாக நின்றவர்களிடம் சொல்லி, வீடு வீடாகப் போய் வாங்கி வந்திருக்கிறார். ஒன்றில் பிள்ளைகள் ஒட்டிய பூப்பட ஸ்டிக்கர். அது அவருடைய மகளின் அறையில் இருந்ததாம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செருகினால் பியூஸ் விழும், நீட்டு வயரில் போட்டால் வயர் பற்றும் என்று சொல்லி, வீடு முழுக்க நடந்து, எந்தப் பிளக் எந்தச் சுவிட்சில் இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். இரண்டு என் அறைக்கு. ஒன்று பேஸ்மென்டில், தண்ணீர்க் குழாய் நுழைகிற இடத்துக்கு.

இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு அறை வெதுவெதுப்பானது. மகளுக்கு முப்பத்தேழு. அவள் வீரிட்டு அழுதாள். அழுகையைக் கேட்டு அண்ணை கதவுக்கு வெளியே இருந்து, "ஆ, இப்பச் சரி" என்றார்.

போகுமுன் அவர் இன்னொன்று செய்தார். ஃபர்னஸின் உட்பக்கம் ஒட்டியிருந்த தகட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, அதில் உள்ள இலக்கத்தை உற்பத்தி செய்த கம்பனிக்குச் சொல்லி, அந்த இரும்புப் பெட்டிக்கு இன்னும் வொறண்டி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். மற்றப் பாகங்களுக்கு முடிந்திருந்தாலும் அந்தப் பெட்டிக்கு மட்டும் நீண்ட காலத்துக்குக் கொடுப்பதுண்டாம். விற்கிறவர்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள் என்றார். தேநீர் கூடக் குடிக்கவில்லை. நான் நீட்டிய காசை வாங்கவும் இல்லை.

திங்கட்கிழமை கேட்டேன். பெட்டிக்கு வொறண்டி இருந்தது. கூலி மட்டும் எங்களுடையது. அன்றைக்கே வேறொரு கம்பனியில் இருந்து ஃபர்னஸைப் பார்க்க ஒரு பெண் வந்தா. வேலை தொடங்குமுன், என்னையும் பிள்ளையையும் தன் வாகனத்தில் ஹீட்டர் போட்டு இருத்திவிட்டு, வீட்டுக் கதவுகளைத் திறந்து வைத்து, கையில் அந்தப் புகையை அளக்கும் ஒரு கருவியோடு ஃபர்னஸைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தா. அதிக நேரம் நிற்கவில்லை, அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டா. கருவியில் இருந்த இலக்கத்தைக் காட்டினா. எனக்கு அந்த இலக்கம் விளங்கவில்லை. அவவின் முகம் விளங்கியது.

"தலையிடி ஏதும் இருந்ததா?" என்று கேட்டா.

இருந்தது. இரண்டு வாரமாக இருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, நித்திரை இல்லை, அதனால் என்று நினைத்திருந்தேன். அது அந்தப் புகையால் வந்திருக்கலாம் என்றா. படிக்கட்டுச் சுவரில் பூட்டியிருந்த காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியைக் கழற்றி அதன் பின்பக்கத்தைக் காட்டினா. அதன் காலம் முன்பே முடிந்துவிட்டிருந்தது. அந்தக் கருவிகளுக்கும் முடிவுத் திகதி உண்டு என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. குளிர் உள்ளே வராமல் இருக்க நான்தான் ஜன்னல்களை எல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி இறுக மூடியிருந்தேன். அன்று மத்தியானமே பிள்ளையையும் என்னையும் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதித்தோம். சனிக்கிழமையில் இருந்து ஃபர்னஸ் ஓடாததால் இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த முடிவைக் கேட்கும்வரை நான் இருக்கையில் சாயவில்லை.

புதுப் பெட்டி வந்து பூட்டி முடிக்கப் புதன்கிழமை ஆனது. மொத்தச் செலவு, முதலாவது ஆள் டப்லெட்டில் காட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆபத்தைச் சொன்ன விடயத்தில் அவர் முழுக்க உண்மையாக இருந்தார். விலையைச் சொன்ன விடயத்தில் வியாபாரியாக இருந்தார். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பதை அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

பாதை திறந்து, கணவர் அந்தப் புதன்கிழமை பின்னேரம்தான் வந்து சேர்ந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டே பேஸ்மென்டுக்குப் போனார். கழற்றிய பெட்டி சுவரோரமாகச் சாத்தியிருந்தது. வெடிப்பு, படத்தில் பார்த்ததை விட நீளம். அதில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார். "நான்தானே போடச் சொன்னனான்" என்றார். அவர் பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

இப்போது யாராவது வீடு வாங்கினோம் என்று சொன்னால், வாழ்த்திய கையோடு நான் இவற்றைச் சொல்லத் தொடங்கிவிடுவேன். குளிர் தொடங்குமுன் ஃபர்னஸை ஆள் விட்டுப் பாருங்கள், செப்டெம்பரில் கூப்பிட்டால் வார இறுதிக் கட்டணமும் இல்லை, அவசரமும் இல்லை. எச்சரிக்கைக் கருவியைத் திருப்பித் திகதியைப் பாருங்கள். பெரிய விலை சொன்னால் இன்னொரு ஆளிடம் கேளுங்கள், வொறண்டியைக் கேளுங்கள். ஆனால் சிவப்பு அட்டை கட்டினால், யார் என்ன சொன்னாலும், விலையைப் பற்றி எவ்வளவு சண்டை பிடித்தாலும், அந்த அட்டையைத் தொடாதீர்கள். கேட்கிறவர்கள் சிலவேளை சிரிப்பார்கள். பரவாயில்லை.

அந்த அண்ணையை ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் போய்ப் பார்க்கிறோம். அந்தப் பேஸ்மென்டில் நடந்ததைப் பற்றி அவரும் நானும் ஒருநாளும் கதைத்ததில்லை. அவர் எனக்குச் சுலபமாக ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம், நானும் நன்றி சொல்லி அதை நம்பியிருப்பேன். அவர் சொல்லவில்லை. என் மகள் அவர் வீட்டுக் கூடத்தில் அவருடைய பிள்ளைகளோடு ஓடித் திரிவதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு மனிதர் இன்னொருவரிடம் உண்மையைச் சொல்ல எடுத்துக்கொண்ட அந்தச் சில நொடிகளில்தான் இவள் எனக்குத் திரும்பக் கிடைத்தாள் என்று நினைத்துக்கொள்வேன்.